சிட்டைக்கு ஒரு டிஸ்க், பேரேட்டுக்கு ஒரு டிஸ்க்: டேட்டாபேஸ் சர்வருக்கு டிஸ்க் பிரிக்கிறது எப்படி?

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சில் திரும்பத் திரும்ப வந்த இடங்களை நீக்கி, வாசிக்க வசதியாகத் திருத்தியிருக்கிறோம்.)

இன்னிக்கு எபிசோட் ஒரு கேள்வியில இருந்து ஆரம்பிக்குது. பல்லடம் பக்கம் ஒரு ஸ்பின்னிங் மில்லுல ஐடி பார்க்கிற தம்பி அனுப்பினது. அப்படியே வாசிக்கிறேன்:

"அண்ணா, எங்க மில்லுல இஆர்பி ஓடுற சர்வர் ஒண்ணு இருக்குங்க. எஸ்க்யூஎல் சர்வர், டேட்டாபேஸ் 180 ஜிபி. 7200 ஆர்பிஎம் டிஸ்க் நாலு, ஒவ்வொண்ணும் 2 டிபி, ரெய்டு 5 போட்டிருக்கு. ஷிப்ட் மாறுற நேரத்துல என்ட்ரி போட்டா சேவ் ஆக அரை நிமிஷம் ஆகுதுங்க. கேட்டுல லாரி நிக்குது, இன்வாய்ஸ் வரமாட்டேங்குது. வெண்டர் நாலு டிஸ்க்கையும் 4 டிபியா மாத்தச் சொல்லி கொட்டேஷன் குடுத்திருக்கார். மாத்தலாமுங்களா?"

பதிலை முதல்லயே சொல்லிடறேன் தம்பி. மாத்தாதீங்க. அந்தக் காசு போனா, இடம் ரெட்டிப்பாகும், லாரி அதே இடத்துல நிக்கும். ஏன்னு புரிஞ்சுக்கிட்டா, கோயம்புத்தூர்ல மில்லு சர்வர் வெச்சிருக்கிறவங்களுக்கும் சரி, கிளவுட்ல ஸ்டார்ட்-அப் நடத்துறவங்களுக்கும் சரி, அதே பதில்தான்.

ஜிபி வேற, வேகம் வேற

டிஸ்க் வாங்கும்போது நம்ம எல்லாரும் பார்க்கிறது ஒரே நம்பர்: எத்தனை ஜிபி. டேட்டாபேஸுக்கு அது ரெண்டாவது நம்பர்தான். முதல் நம்பர், ஒரு செகண்டுக்கு அந்த டிஸ்க் எத்தனை தனித்தனி வேலை முடிக்கும்ங்கிறது. இதைத்தான் ஐஓபிஎஸ்னு சொல்றோம்.

சுத்துற டிஸ்க்குல இதைப் பேப்பர்லயே கணக்குப் போட்டுடலாம். 7200 ஆர்பிஎம்னா நிமிஷத்துக்கு 7200 சுத்து, செகண்டுக்கு 120 சுத்து. ஒரு சுத்துக்கு சுமார் 8.3 மில்லிசெகண்ட். நமக்கு வேண்டிய இடம் ஹெட்டுக்குக் கீழ வர்றதுக்கு சராசரியா அரைச் சுத்து காத்திருக்கணும், அது 4 மில்லிசெகண்டுக்குக் கொஞ்சம் மேல. அதுக்கு முன்னாடி ஹெட் சரியான டிராக்குக்கு நகரணும், அதுக்கு ஒரு 8, 9 மில்லிசெகண்ட். கூட்டினா ஒரு வேலைக்கு 12, 13 மில்லிசெகண்ட். அதாவது செகண்டுக்கு சுமார் 80 வேலை.

இப்ப எஸ்க்யூஎல் சர்வர், போஸ்ட்கிரெஸ் ரெண்டும் டேட்டாவை 8 கேபி பக்கம் பக்கமா வெச்சிருக்கு. அங்கொண்ணு இங்கொண்ணா 80 பக்கம் எடுத்தா செகண்டுக்கு 640 கேபி. அதே டிஸ்க்குல ஒரு பெரிய சினிமா ஃபைலை வரிசையா காப்பி பண்ணினா 150 எம்பி வரும். ஒரே டிஸ்க்தான். வரிசையா கேட்டா 150 எம்பி, சிதறிக் கேட்டா 1 எம்பி கூட இல்ல. இருநூறு மடங்குக்கு மேல வித்தியாசம்.

டிஸ்க் லேஅவுட்ங்கிற விஷயமே இந்த வித்தியாசத்துல இருந்துதான் பொறக்குது. 2 டிபி டிஸ்க்கை 4 டிபியா மாத்தினா சுத்துற வேகம் அதே 7200தான். 80 வேலை 80 வேலையாவே இருக்கும். கொட்டேஷன்ல இது எங்கயும் எழுதியிருக்காது.

சிட்டையும் பேரேடும்

சரி, டேட்டாபேஸ் டிஸ்க்கை எப்படி எல்லாம் பயன்படுத்துது? இதுக்கு நம்ம மண்டிக் கணக்கு முறையை விட நல்ல உதாரணம் கிடையாது.

பழைய கடைகள்ல ரெண்டு நோட்டு இருக்கும். ஒண்ணு சிட்டை. வியாபாரம் நடக்க நடக்க, ஒண்ணு கீழ ஒண்ணா வரிசையா எழுதிட்டே போவாங்க. யாரு, எத்தனை மூட்டை, என்ன விலை. இன்னொண்ணு பேரேடு. அதுல ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு பக்கம். சாயங்காலம் கூட்டம் குறைஞ்சதும் கணக்குப்பிள்ளை சிட்டையைப் பார்த்து, ஒவ்வொருத்தர் பக்கமா பிரட்டி பேரேட்டுல ஏத்துவார்.

கூட்டம் இருக்கும்போதே பேரேட்டுல பக்கம் தேடிட்டு இருந்தா வியாபாரம் நின்னுடும். சிட்டையில ஒரு வரி விழுந்துட்டா போதும், கணக்கு தப்பாது. பேரேடு பாதியில நின்னாலும் சிட்டையைப் பார்த்து மறுபடியும் ஏத்திக்கலாம்.

டேட்டாபேஸும் அச்சு அசலா இதைத்தான் பண்ணுது. நீங்க "சேவ்" அழுத்தினதும் முதல்ல லாக் ஃபைல்ல ஒரு வரி விழும். அது டிஸ்க்குல பத்திரமா இறங்கினதும் "ஆச்சு"ன்னு பதில் வரும். உண்மையான டேபிள் பக்கங்கள் மெமரியில மாறியிருக்கும், டிஸ்க்குக்கு அப்புறமா மெதுவா போகும். போஸ்ட்கிரெஸ்ல இந்த லாகுக்குப் பேரு வால். ரைட்-அஹெட் லாகோட சுருக்கம். பேருக்கேத்த மாதிரி எப்பவும் வால் நுனியில மட்டும்தான் எழுதும். போஸ்ட்கிரெஸ்ல இது 2001-ல வந்த 7.1 வெர்ஷன்ல சேர்ந்தது.

இந்த முறையை முழுசா ஒரு ஒழுங்குக்குக் கொண்டு வந்தவர்ல முக்கியமானவர் நம்ம ஊர்க்காரர்ங்கிறது பல பேருக்குத் தெரியாது. சி. மோகன். தமிழ்நாட்டுல வளர்ந்தவர். 1977-ல ஐஐடி மெட்ராஸ்ல கெமிக்கல் இன்ஜினியரிங் முடிச்சார். ஆமாங்க, கெமிக்கல்தான். அப்புறம் டெக்சாஸ்ல கம்ப்யூட்டர் சயின்ஸ் பிஎச்டி, அங்கிருந்து ஐபிஎம். அவரும் நாலு பேரும் சேர்ந்து 1992-ல வெளியிட்ட ஏரீஸ்ங்கிற ஆய்வுக் கட்டுரைதான், சர்வர் பாதியில விழுந்தா லாகை வெச்சு எப்படி மீளறதுங்கிறதுக்கு இன்னிக்கும் அடிப்படை பாடம். ஐபிஎம்மோட டிபி2, நம்ம தம்பி வெச்சிருக்கிற எஸ்க்யூஎல் சர்வர் எல்லாம் அந்த வழியில வந்ததுதான்.

ஆக, ஒரு டேட்டாபேஸ் சர்வர்ல டிஸ்க்குக்கு நாலு விதமான வேலை வருது.

ஒண்ணு, லாக். சின்னச் சின்னதா, வரிசையா எழுதும். ஒவ்வொரு சேவும் இதுக்காகக் காத்திருக்கும். இது தாமதமானா யூசருக்கு நேரடியா தெரியும்.

ரெண்டு, டேட்டா ஃபைல். சிதறிப் படிக்கும், சிதறி எழுதும். மெமரி நிறைய இருந்தா படிக்கிறது பெருமளவு குறைஞ்சிடும். எழுதுறதை மட்டும் எவ்வளவு ரேம் போட்டாலும் தவிர்க்க முடியாது, என்னைக்காவது டிஸ்க்குக்குப் போய்த்தான் ஆகணும்.

மூணு, டெம்ப். பெரிய ரிப்போர்ட், சார்ட்டிங், ஜாயின் இதெல்லாம் மெமரியில அடங்காதப்ப வழியிற இடம். திடீர்னு பொங்கும், திடீர்னு அடங்கும்.

நாலு, பேக்கப். டேட்டாபேஸ் முழுசையும் வரிசையா படிச்சு, வரிசையா எழுதும். தனியா ஓடினா டிஸ்க்குக்குப் பிடிச்ச வேலை. மத்ததோட சேர்ந்து ஓடினா அத்தனை பேரையும் நிறுத்தி வைக்கும்.

இந்த நாலையும் ஒரே நாலு டிஸ்க் மேல போட்டா என்ன ஆகும்? லாக் வரிசையா எழுதிட்டு இருக்கும். நடுவுல ஒரு ரிப்போர்ட் டேட்டா பக்கம் கேக்கும், ஹெட் அங்க ஓடும். திரும்பி லாகுக்கு வரும். அதுக்குள்ள பேக்கப் இழுக்கும். வரிசையா போக வேண்டிய வேலையும் சிதறின வேலையா மாறிடும். 150 எம்பி டிஸ்க் 1 எம்பி டிஸ்க்கா ஆகிறது இப்படித்தான்.

ரெய்டு 5-க்கு நம்ம குடுக்கிற விலை

ரெய்டுங்கிற யோசனை 1988-ல பெர்க்லியில பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் மூணு பேரும் எழுதின கட்டுரையில வந்தது. விலை குறைஞ்ச சின்ன டிஸ்க்குகளைச் சேர்த்து ஒரு பெரிய டிஸ்க் மாதிரி காட்டலாம், ஒண்ணு போனாலும் டேட்டா தப்பிக்கும். நல்ல யோசனை. ஆனா எந்த ரெய்டுங்கிறது டேட்டாபேஸுக்குப் பெரிய விஷயம்.

ரெய்டு 5-ல ஒரு சின்ன பக்கத்தை மாத்தணும்னா, பழைய டேட்டாவைப் படிக்கணும், பழைய பேரிட்டியைப் படிக்கணும், புது டேட்டாவை எழுதணும், புது பேரிட்டியை எழுதணும். ஒரு எழுத்துக்கு நாலு வேலை. ரெய்டு 10-ல ஜோடி ஜோடியா கண்ணாடி மாதிரி காப்பி இருக்கு. ஒரு எழுத்துக்கு ரெண்டு வேலை, அவ்வளவுதான்.

தம்பியோட நாலு டிஸ்க்குக்குக் கணக்குப் போடுவோம். டிஸ்க்குக்கு 80, நாலுக்கு 320. ரெய்டு 5-ல சிதறி எழுதினா 320-ஐ 4-ஆல வகுக்கணும், 80 வருது. நாலு டிஸ்க் காசு குடுத்து, எழுதுறதுல ஒரு டிஸ்க்கோட வேகம்தான் கிடைக்குது. ரெய்டு 10-ல 160. இடம் மட்டும் 6 டிபிக்குப் பதிலா 4 டிபி ஆகும். 180 ஜிபி டேட்டாபேஸுக்கு 6 டிபி எதுக்குங்க?

கன்ட்ரோலர்ல பேட்டரி வெச்ச கேஷ் இருந்தா இந்த வலி கொஞ்சம் குறையும். ஆனா ஷிப்ட் மாறும்போது வர்ற மாதிரி ஒரேயடியா வேலை குவிஞ்சா கேஷ் நிறைஞ்சிடும், அப்புறம் பழைய கணக்குதான்.

இன்னொண்ணு. ரெய்டு 5-ல ஒரு டிஸ்க் போய், புது டிஸ்க் போட்டா, மீதி மூணையும் முழுசா படிச்சுத்தான் புதுசை நிரப்பணும். பெரிய டிஸ்க்னா பல மணி நேரம். அந்த நேரத்துல சர்வர் இன்னும் மெதுவா ஓடும். அதுக்குள்ள இன்னொரு டிஸ்க் போச்சுன்னா எல்லாமே போச்சு. டிஸ்க் பெருசாக ஆக இந்த ஆபத்தான நேரமும் நீளும். 4 டிபி கொட்டேஷன்ல இதுவும் சேர்ந்தே வருது.

கரண்ட் போனா?

கோவையில பேசிட்டு கரண்ட்டைப் பத்திப் பேசாம இருக்க முடியாது. 1932-ல பைக்காரா நீர்மின் நிலையம் தொடங்கின பிறகுதான் இங்க மில்லுகள் வேகமா பெருகினது. அதே ஊரு 2012 வாக்குல ஒரு நாளைக்குப் பல மணி நேர மின்வெட்டையும் பார்த்துச்சு. ஜெனரேட்டர் சத்தம் கேட்டே வளர்ந்தவங்க நம்ம. இன்னிக்கு நிலைமை எவ்வளவோ தேவலை. ஆனா மழைக் காலத்துல ஒரு செகண்ட் கண் சிமிட்டுற கரண்ட் இன்னும் இருக்கு. டேட்டாபேஸுக்கு அந்த ஒரு செகண்ட் போதும்.

விஷயம் என்னன்னா, டிஸ்க்குக்குள்ளயே ஒரு சின்ன மெமரி இருக்கு. டேட்டாபேஸ் "இதை எழுதிட்டயா?"ன்னு கேட்டா, சில டிஸ்க்குகள் அந்த மெமரியில வாங்கி வெச்சுட்டே "எழுதிட்டேன்"னு சொல்லிடும். வேகமா இருக்கிற மாதிரி தெரியும். கரண்ட் போனா அந்த மெமரியில இருந்தது காலி. சிட்டையில விழுந்ததா நெனச்ச வரி சிட்டையில இல்ல. ஏரீஸே வந்தாலும் இல்லாத வரியை வெச்சு மீட்க முடியாது.

உங்க டிஸ்க் உண்மை பேசுதான்னு கண்டுபிடிக்க ஒரு எளிய வழி இருக்கு. 7200 ஆர்பிஎம் டிஸ்க் செகண்டுக்கு 120 சுத்துன்னு பார்த்தோம் இல்லையா? லாகோட அடுத்த வரியை எழுத, அந்த இடம் மறுபடியும் ஹெட்டுக்குக் கீழ வரணும். அதனால ஒரே ஒரு கனெக்ஷன்ல இருந்து ஒண்ணு முடிஞ்சு ஒண்ணா செகண்டுக்கு 120 கமிட்டுக்கு மேல உண்மையிலேயே டிஸ்க்குல இறங்க வாய்ப்பில்ல. போஸ்ட்கிரெஸோட கூடவே பிஜி டெஸ்ட் எஃப்சிங்க்னு ஒரு டூல் வருது. ஓட்டிப் பாருங்க. பேட்டரி கேஷ் எதுவும் இல்லாத சுத்துற டிஸ்க் செகண்டுக்கு 3000-ம்னு காட்டினா சந்தோஷப்படாதீங்க. வழியில யாரோ பொய் சொல்றாங்க.

விண்டோஸ் சர்வர்ல இன்னொரு இடம் பாருங்க. டிவைஸ் மேனேஜர்ல டிஸ்க்கோட பாலிசிஸ் டேபுல, ரைட் கேஷ் பஃபர் ஃப்ளஷிங்கை அணைக்கிற ஒரு டிக் பாக்ஸ் இருக்கும். "இதைப் போட்டா ஸ்பீடாகும்"னு யாராவது டிக் பண்ணிட்டுப் போயிருப்பாங்க. பேட்டரி கேஷ் இல்லாத டிஸ்க்கா இருந்தா உடனே எடுத்துடுங்க.

யூபிஎஸ் இருக்கேன்னு கேப்பீங்க. யூபிஎஸ் வேணும், கண்டிப்பா வேணும். ஆனா சர்வருக்குள்ள இருக்கிற பவர் சப்ளை எரிஞ்சா யூபிஎஸ் என்ன பண்ணும்? மூணு வருஷமா மாத்தாத பேட்டரி எத்தனை செகண்ட் தாங்கும்? யாராவது பிளக்கைப் பிடுங்கினா? அதனாலதான் பாதுகாப்பு டிஸ்க் பக்கத்துலயே இருக்கணும். ரெய்டு கன்ட்ரோலர்னா பேட்டரி அல்லது ஃப்ளாஷ் துணையோட கேஷ். எஸ்எஸ்டின்னா பவர் லாஸ் ப்ரொடெக்ஷன். உள்ளயே கெப்பாசிட்டர் இருக்கும், கரண்ட் போனாலும் கையில இருக்கிறதை எழுதி முடிக்கிற அளவுக்குத் தாங்கும். லேப்டாப்புக்கு வாங்குற எஸ்எஸ்டிக்கும் சர்வர் எஸ்எஸ்டிக்கும் விலை ஏன் இவ்வளவு வித்தியாசம்னு கேட்டா, இது ஒரு முக்கியமான காரணம்.

பிரிக்கிறதா, சேர்க்கிறதா?

இப்ப பழைய புத்தக அறிவுரைக்கு வருவோம். லாகுக்குத் தனி டிஸ்க், டேட்டாவுக்குத் தனி, டெம்ப்புக்குத் தனி. சுத்துற டிஸ்க் காலத்துல, டிஸ்க் நிறைய இருந்தா இது சரி. லாக் மட்டும் இருக்கிற டிஸ்க்குல ஹெட் நகரவே வேண்டாம், வரிசையா ஓடும்.

ஆனா அப்பவே எதிர்க்குரலும் இருந்தது. 2000-ஐ ஒட்டின வருஷங்கள்ல ஆரக்கிள்ல இருந்த ஹுவான் லோய்சா, பிரிக்கிறதெல்லாம் தலைவலி, எல்லா ஃபைலையும் எல்லா டிஸ்க் மேலயும் பரப்பிடுங்க, எல்லாத்துக்கும் மிரர் வைங்கன்னு சொன்னார். சேம்னு அதுக்குப் பேரு. அவர் வாதம் நியாயமானது. ஆறு டிஸ்க்கை ரெண்டு ரெண்டா பிரிச்சு வெச்சா, ஒரு ஜோடி திணறிட்டு இருக்கும்போது இன்னொரு ஜோடி சும்மா உக்காந்திருக்கும்.

எஸ்எஸ்டி வந்த பிறகு இந்த வாதம் இன்னும் பலமாச்சு. அங்க நகர்றதுக்கு ஹெட்டே இல்ல. வரிசை, சிதறல் வித்தியாசம் ரொம்பக் குறைஞ்சு போச்சு. ஒரு நல்ல சர்வர் எஸ்எஸ்டி பல ஆயிரம் வேலையை ஒரு செகண்டுல முடிக்குது. அதனால சின்ன, நடுத்தர சர்வருக்கு வேகத்துக்காகப் பிரிக்கணும்ங்கிற கட்டாயம் போயிடுச்சு.

அப்ப ஏன் இன்னும் பிரிக்கிறோம்? இன்னிக்கு காரணம் வேற: ஒரு இடத்துல பிரச்சனை வந்தா அது அங்கயே நிக்கணும்.

போஸ்ட்கிரெஸ்ல ரெப்ளிகேஷன் ஸ்லாட் ஒண்ணை உருவாக்கிட்டு, அந்தப் பக்கம் படிக்கிற சர்வரை நிறுத்திட்டா, அது வந்து படிக்கும்னு வால் ஃபைல்களைச் சேர்த்துட்டே இருக்கும். எல்லை எதுவும் வைக்கலைன்னா, டிஸ்க் நிறையும், டேட்டாபேஸ் நின்னுடும். எஸ்க்யூஎல் சர்வர்ல ஃபுல் ரெக்கவரி மாடல் போட்டுட்டு லாக் பேக்கப் எடுக்க மறந்தா அதே கதை. லாக் ஃபைல் வளர்ந்துட்டே போகும். அது சி டிரைவ்ல இருந்தா விண்டோஸையே சேர்த்து முடக்கும். தனி வால்யூம்ல இருந்தா சேதம் அங்க நிக்கும், உங்களுக்கு வந்து பார்க்க ஒரு இடம் தெளிவா தெரியும்.

ஆனா பிரிச்சா ஒரு பொறுப்பும் சேர்ந்து வருது. டேட்டா ஒரு வால்யூம், லாக் ஒரு வால்யூம்னா, ஸ்னாப்ஷாட் எடுக்கும்போது ரெண்டையும் ஒரே கணத்துல எடுக்கணும். இதை ஒரு நேரம், அதை ஒரு நேரம் எடுத்தா சிட்டையும் பேரேடும் ஒத்துப் போகாது. அதே மாதிரி லாகை ஒரே ஒரு தனி டிஸ்க்குல மிரர் இல்லாம வைக்கிறது, வீட்டுப் பத்திரத்தைக் கடைசி பஸ்ல தனியா அனுப்புற மாதிரி.

எதை எங்க வைக்கிறதுங்கிற கேள்விக்கு நான் பயன்படுத்துற சோதனை இதுதான்: இது போனா என்ன ஆகும்? எஸ்க்யூஎல் சர்வரோட டெம்ப்டிபி ஒவ்வொரு தடவை ஸ்டார்ட் ஆகும்போதும் புதுசா உருவாகும். அது போனா சர்வர் நிக்கும், ஆனா கணக்கு போகாது. பெங்களூரு ஜெரோதா இதை ஒரு எல்லை வரைக்கும் கொண்டு போனாங்க. கஸ்டமர் கேக்கிற ரிப்போர்ட்டோட விடைகளை, தனியா ஒரு போஸ்ட்கிரெஸ்ல ஒவ்வொண்ணையும் ஒரு டேபிளா போட்டு வைக்கிறாங்க. ஒரு நாளைக்கு 70 லட்சம் டேபிளுக்கு மேல போகும்னு அவங்க டெக் ப்ளாக்ல எழுதியிருக்காங்க. ராத்திரி மொத்தத்தையும் தூக்கிப் போட்டுட்டுப் புதுசா ஆரம்பிப்பாங்க. மூலக் கணக்கு வேற டேட்டாபேஸ்ல பத்திரமா இருக்கிறதால இதுக்கு வேகம் மட்டும் போதும். மில்லோட சம்பளக் கணக்கை அப்படி வைக்க முடியுமா? அதுக்கு வேற டிஸ்க், வேற கவனம்.

கிளவுட்ல இருக்கிறவங்களுக்கு

"நாங்க ஏடபிள்யூஎஸ் மும்பையில இருக்கோம், எங்களுக்கு இதெல்லாம் எதுக்கு"ன்னு நெனைக்கிறவங்களுக்கு ஒரு கணக்கு.

ஜிபி2ன்னு ஒரு பழைய வால்யூம் வகை இருக்கு. கிகாபைட் இல்ல, அதோட பேரே அப்படி. அதுல ஒரு கிகாபைட்டுக்கு 3 ஐஓபிஎஸ். 100 கிகாபைட் வாங்கினா 300. சின்ன வால்யூமா இருந்தா, அவசரத்துக்கு 3000 வரைக்கும் ஓட விடும். அதுக்கு 54 லட்சம் கிரெடிட் ஒரு உண்டியல்ல இருக்கும். 3000-ல ஓடினா செகண்டுக்கு 2700 கிரெடிட் குறையும். 54 லட்சத்தை 2700-ஆல வகுத்தா 2000 செகண்ட், சுமார் 33 நிமிஷம்.

காலையில 10 மணிக்கு சேல் ஆரம்பிக்குதுன்னு வைங்க. 10:33 வரைக்கும் எல்லாம் பறக்கும். அதுக்கு அப்புறம் திடீர்னு பத்துல ஒரு பங்கு வேகம். கோட்ல ஒரு வரி மாறலை. டெவலப்பர்கள் கியூரியை நோண்டிட்டு இருப்பாங்க, காலியானது உண்டியல். 2020 டிசம்பர்ல வந்த ஜிபி3-ல அளவு வேற, வேகம் வேற. சின்ன வால்யூமுக்கும் 3000 ஐஓபிஎஸ் நிரந்தரமா வரும், அதுக்கு மேல வேணும்னா தனியா வாங்கலாம். ஒண்ணு மட்டும் மறக்காதீங்க. சர்வருக்கும் ஒரு எல்லை உண்டு. வால்யூமுக்கு எவ்வளவு காசு கொட்டினாலும், சின்ன இன்ஸ்டன்ஸ் அதை இழுக்காது.

முதல்ல அளந்து பாருங்க

எதையும் வாங்குறதுக்கு முன்னாடி ஒரு வாரம் அளங்க. எஸ்க்யூஎல் சர்வர் தான் எதுக்காகக் காத்திருந்ததுன்னு தானே குறிச்சு வைக்கும். அந்த வெயிட் பட்டியல்ல ரைட்லாக் மேல இருந்தா, சேவ் எல்லாம் லாக் டிஸ்க்குக்காகக் காத்திருக்கு. பேஜ்ஐஓலாட்ச் மேல இருந்தா, டேட்டா பக்கம் டிஸ்க்குல இருந்து வர்றதுக்குக் காத்திருக்கு. அதுக்கு டிஸ்க் மாத்துறதுக்கு முன்னாடி ரேமையும் இன்டெக்ஸையும் பாருங்க. ஒவ்வொரு ஃபைலுக்கும் எத்தனை மில்லிசெகண்ட் ஆச்சுன்னும் கணக்கு இருக்கும். போஸ்ட்கிரெஸ் 16-ல இருந்து பிஜி ஸ்டாட் ஐஓங்கிற வியூ இருக்கு. லினக்ஸ்ல ஐஓஸ்டாட் போதும்.

ரெண்டுமே மேல இல்லைன்னா, பிரச்சனை டிஸ்க்குல இல்ல. வேற எங்கயோ ஒருத்தர் லாக் போட்டு உக்காந்திருக்கார். அப்ப எந்த டிஸ்க்கும் உதவாது.

சரி தம்பி, உங்க சர்வருக்கு

இப்ப கேள்விக்குத் திரும்பி வர்றேன்.

காசில்லாம முதல் வாரத்துல பண்ணக் கூடியது மூணு. பேக்கப் எத்தனை மணிக்கு ஓடுதுன்னு பாருங்க. ஷிப்ட் மாறுற நேரத்துல, அதே ரெய்டு மேல ஓடுதுன்னா, அதை மாத்தினாலே பாதி வலி போகலாம். அடுத்து, லாக் ஃபைல் வளர்ற அளவைப் பாருங்க. லாக் வளரும்போது புது இடம் முழுசையும் பூஜ்யத்தால நிரப்பும், அதுவரைக்கும் எல்லா சேவும் நிக்கும். தேவையான அளவை முன்கூட்டியே ஒதுக்கி வெச்சுடுங்க. மூணாவது, மேல சொன்ன வெயிட் பட்டியலை ஷிப்ட் மாறுற நேரத்துக்கு முன்னாடியும் பின்னாடியும் எடுத்து வைங்க.

வெயிட் பட்டியல் டிஸ்க்கைக் கை காட்டினா, பவர் லாஸ் ப்ரொடெக்ஷன் இருக்கிற 960 ஜிபி சர்வர் எஸ்எஸ்டி ரெண்டு வாங்குங்க. ரெய்டு 1 போடுங்க. டேட்டா, லாக், டெம்ப்டிபி மூணுக்கும் தனித்தனி பார்ட்டிஷன். 180 ஜிபி டேட்டாபேஸ் பல வருஷம் வளர்ந்தாலும் தாங்கும். விண்டோஸ் வேற இடத்துல இருக்கட்டும்.

பழைய நாலு டிஸ்க்கைத் தூக்கிப் போட வேண்டாம். ரெய்டு 10 ஆக்கி, வேற ஒரு பெட்டியில பேக்கப்புக்கு வைங்க. வரிசையா எழுதுற வேலை அதுக்கு நல்லா வரும். ஃபுல் பேக்கப் ராத்திரி, லாக் பேக்கப் கால் மணிக்கு ஒரு தடவை. அப்ப மோசமான நாள்லயும் போறது 15 நிமிஷ வேலைதான்.

அந்தப் பெட்டி சர்வர் ரூம்லயே இருந்தா பத்தாது. உங்க மில்லுல சுத்தி இருக்கிறது பஞ்சு. தீ பிடிச்சா ரெய்டு 1, ரெய்டு 10 எல்லாம் ஒரே மாதிரிதான் எரியும். ஒரு காப்பி தினமும் மில்லு காம்பவுண்டுக்கு வெளிய போகணும். டவுன் ஆபீஸோ, கிளவுடோ, எங்கயோ. மாசம் ஒரு தடவை அந்தக் காப்பியில இருந்து வேற மெஷின்ல ரீஸ்டோர் பண்ணி, நேத்து போட்ட இன்வாய்ஸ் இருக்கான்னு கண்ணால பாருங்க.

வெண்டர்கிட்ட சண்டை போட வேண்டாம். அவரை உக்கார வெச்சு, ஒரு டீ குடுத்து, மூணே கேள்வி கேளுங்க. இந்த டிஸ்க் செகண்டுக்கு எத்தனை சிதறின எழுத்து எழுதும்? கரண்ட் போனா "எழுதிட்டேன்"னு சொன்னது எழுதியிருக்குமா? ஒரு டிஸ்க் செத்தா எத்தனை மணி நேரத்துல பழைய நிலைமைக்கு வருவோம்? மூணுக்கும் பதில் எழுதின கொட்டேஷன் வந்தா, அப்புறம் விலையைப் பேசுங்க.

அளந்த நம்பர்களை அனுப்புங்க தம்பி, சேர்ந்து பார்ப்போம். அடுத்த எபிசோட்ல ரீஸ்டோர் ஒத்திகை எப்படி பண்றதுன்னு பேசலாமுங்க. அதுவரைக்கும், வர்றேன் மக்களே.